தாடையைப் பிடித்துத் திருப்பாதீர்கள்

கடலூரில் என்னிடம் தெரபிக்கு வரும் ஆட்டிசப் பிள்ளைகளின் பெற்றோரில் பலர் முதல் நாளே கேட்பது இதுதான்: "மேடம், முதல்ல ஐ கான்டாக்ட் வர வச்சிடுங்க, மத்ததெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்." சொல்லிக்கொண்டே பிள்ளையின் தாடையைப் பிடித்துத் தங்கள் பக்கம் திருப்புவார்கள். தலை திரும்பும், கருவிழி மட்டும் ஜன்னலுக்கு ஓடும். கழுத்து விறைக்கும், கை காதைப் பொத்தப் போகும். அந்தக் கையைப் பாருங்கள் என்பேன்.

முகத்தைப் படிப்பது மூளையில் ஓரிடத்து வேலை இல்லை. எதிரில் இருப்பது முகம் என்று பிடிப்பதில் பெரும்பங்கு, மூளையின் அடிப்புறமுள்ள ஃபியூசிஃபார்ம் பகுதிக்கு. மூளை ஆய்வாளர் நான்சி கான்விஷரின் குழு 1997-இல் அதற்குப் பெயர் வைத்தது. கண் எந்தப் பக்கம் போகிறது, உதடு எப்படி அசைகிறது என்பதைப் பின்தொடர, காதுக்கு மேலே உள்ள பக்கமடலில் வேறொரு பகுதி. 'கவனி, இது முக்கியம்' என்று உசுப்பிவிடுவது, மூளையின் உட்புறமுள்ள அமிக்டலா என்ற சிறு பகுதி.

ஆட்டிசம் உள்ளவர்களுக்கு ஃபியூசிஃபார்ம் மந்தம் என்றுதான் 2000 வாக்கில் வந்த ஸ்கேன் ஆய்வுகள் சொல்லின. பிறகு, படத்து முகத்தின் நடுவில் ஒரு குறியை வைத்து அதையே பார்க்கச் சொன்னார்கள். அந்தப் பகுதி நன்றாகவே இயங்கியது; முன்பு மந்தமாகத் தெரிந்தது, அவர்கள் அங்கே பார்க்காததால் இருக்கலாம். 2005-இல் இன்னொரு சங்கதி தெரிந்தது: கண்களைப் பார்க்கும் நேரம் கூடக்கூட, அவர்களின் அமிக்டலா அதிகமாகக் கிளர்ந்தது. அக்கறை இல்லாததால் பார்வையைத் திருப்புகிறார்கள் என்ற பேச்சை இதோடு விட்டுவிடலாம். உச்சி வெயிலில் கண் கூசினால் நாம் முகத்தைத் திருப்புவதில்லையா? எல்லாப் பிள்ளைக்கும் இதுவே காரணம் என்றும் சொல்ல முடியாது; ஆட்டிசத்தில் ஒருவர் போல் ஒருவர் இருப்பதில்லை.

முகப் படத்தைக் காட்டி 'இது கோபமா, சந்தோஷமா' என்று கேட்டுப் பழக்கும் உணர்ச்சி அட்டைகள் மீது எனக்கு அவ்வளவு நம்பிக்கை கிடையாது. பல்லெல்லாம் தெரியச் சிரிக்கும் கார்ட்டூன் முகம் ஊரில் யாருக்கு இருக்கிறது? அட்டை எல்லாவற்றுக்கும் சரியாகப் பதில் சொல்லும் பையன் ஒருவன், வகுப்பு டீச்சர் கடுகடுவென்று "ரொம்ப அழகா எழுதியிருக்க" என்றதைப் பாராட்டென்று எடுத்துக்கொண்டு, நோட்டை வீடு முழுக்கக் காட்டியிருக்கிறான். சொல் ஒன்று, புருவம் ஒன்று, குரல் ஒன்று என்று மூன்றும் மூன்று பக்கம் இழுக்கும்போதுதான் சிக்கல். அதே பையன், பாட்டி டம்ளரை 'ணங்'கென்று வைத்தால் கோபம் என்று அடுத்த அறையிலிருந்தே சொல்லிவிடுவான். முகத்தில் கிடைக்காத தகவலை அவன் காதில் வாங்குகிறான்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். தன் உணர்ச்சிக்கே பெயர் வைக்க முடியாத நிலையை அலெக்ஸிதைமியா என்பார்கள். முகபாவத்தை அறிவதில் வரும் தடுமாற்றத்துக்குப் பல நேரம் ஆட்டிசத்தைவிட அதுவே காரணம் என்று 2013-இல் வந்த ஆய்வு ஒன்று காட்டியது. ஆகவே "பயந்துட்டியா, வயிறு கலக்குதா?" என்று உடம்போடு சேர்த்துப் பேசிப் பழக்குவது, அட்டையைவிட உதவும். நாமும் லேசுப்பட்டவர்கள் இல்லை. ஆட்டிசம் உள்ளவர்களின் முகத்தைப் படிக்க மற்றவர்களும் திணறுகிறார்கள். புரியாமை இருபக்கமும் உண்டு என்று 2012-இல் எழுதிய ஆய்வாளர் டேமியன் மில்டனே ஆட்டிசம் உள்ளவர்தான்.

வீட்டில் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். எதிரே உட்காராமல் பக்கத்தில் உட்காருங்கள். கோபமென்றால் "அம்மாவுக்குக் கோபம், பால் கொட்டிடுச்சு" என்று வாயால் சொல்லுங்கள். பதிலுக்குக் கொஞ்சம் பொறுங்கள். பள்ளியிலும் இதைச் சொல்லிவையுங்கள், குத்தலாகப் பேச வேண்டாம் என்பதையும் சேர்த்து.

கண்ணைப் பார்க்கவில்லை என்பதை மட்டும் வைத்து ஆட்டிசம் என்று யாரும் முடிவு கட்ட வேண்டாம். ஒன்றரை வயதாகியும் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பவில்லை, வேண்டியதை விரல் நீட்டிக் காட்டவில்லை என்றால், 'மூணு வயசுல சரியாயிடும்' என்று உட்கார்ந்திருக்காமல் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். கடலூரிலிருந்து புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனை பக்கம்தான்.