பீட்ரூட் ஜூஸ் ரத்தசோகைக்கு மருந்தல்ல: சைவம் சாப்பிடும் பதின்வயதுப் பெண்களின் பெற்றோருக்கு

ஹீமோகுளோபின் 9 என்று வந்த அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு, "தினமும் பீட்ரூட் ஜூஸ் கொடுக்கிறோமே, மாதுளையும் கொடுக்கிறோமே, அப்புறம் எப்படி?" என்று கேட்கும் பெற்றோர் குறைந்தபாடில்லை. பெண்ணுக்கு வயது பதினான்கோ பதினைந்தோ இருக்கும். சைவம். மாதக்கணக்கில் ஜூஸ் மட்டுமே வைத்தியமாக ஓடியிருக்கும். அவ்வளவு நாளும் அவள் வகுப்பில் தூங்கி விழுந்ததற்கும், மாடி ஏறினால் மூச்சு வாங்கியதற்கும் "ராத்திரி முழுக்க போன் பார்க்கிறாள்" என்று திட்டு வேறு வாங்கியிருப்பாள். போதும், இதை நிறுத்துவோம்.

உணவின் சிவப்புக்கும் ரத்தத்தின் சிவப்புக்கும் எந்த உறவும் கிடையாது. பீட்ரூட்டுக்கு நிறம் தருவது பீட்டாலெய்ன், மாதுளைக்கு ஆந்தோசயனின். இரண்டுமே தாவர நிறமிகள், இரண்டிலும் இரும்பு இல்லை. 100 கிராம் பீட்ரூட்டில் இருக்கும் இரும்பு சுமார் 0.8 மி.கி. மாதுளை முத்துகளில் 0.3 மி.கி. "ரத்தம் ஊறும்" என்று கொடுக்கும் பேரீச்சையில்கூட 1 மி.கி. அளவுதான். 14 முதல் 18 வயதுப் பெண்ணுக்கு அமெரிக்கப் பரிந்துரை நாளுக்கு 15 மி.கி. சைவம் மட்டுமே சாப்பிட்டால் அதைப்போல 1.8 மடங்கு, அதாவது 27 மி.கி. அந்த 15 மி.கி.யை மட்டும் மாதுளையிலிருந்து எடுக்க நினைத்தாலே நாளுக்கு 5 கிலோ முத்து வேண்டும். பழம் நல்லது, தாராளமாகக் கொடுங்கள். ஆனால் ரத்தசோகைக்கு மருந்து என்று நம்பிக் கொடுத்து, அந்த நம்பிக்கையில் பரிசோதனையையும் சிகிச்சையையும் தள்ளிப்போடாதீர்கள்.

பசலைக்கீரையும் இப்படித்தான். 100 கிராமில் 2.7 மி.கி. இரும்பு இருந்தாலும் அதிலுள்ள ஆக்ஸலேட்டும் பாலிஃபீனால்களும் பெரும்பகுதியைக் குடலில் உறிஞ்ச விடுவதில்லை. கால்சியத்திலும் அதே கதி: பாலிலிருந்து ஏறக்குறைய 30 சதவீதம் உடலில் சேர்கிறது, பசலையிலிருந்து 5 சதவீதம்தான். ஃபோலேட் என்ற பி வைட்டமினுக்காகக் கீரை சாப்பிடட்டும், இரும்புக்கு அதை மட்டும் நம்ப வேண்டாம்.

சைவத்தில் இரும்பு இருக்கும் இடம் பருப்பும் பயறும்தான். ஒரு கப் வெந்த மசூர் பருப்பில் 6 மி.கி.க்கு மேல் உண்டு. ஒரு கப் வெந்த கொண்டைக்கடலையில் 4.7, சோயா பீன்ஸில் 8 மி.கி.க்கு மேல். ஒரு கைப்பிடி பூசணி விதை 2.5 மி.கி. தரும். ஒரு கப் என்றால் கெட்டியாக வெந்தது ஒரு முழுக் கப். நீர்க்கக் கரைத்த குழம்பின் மேல்தெளிவில் இரண்டு கரண்டி என்று கணக்குப் போட்டுவிட்டு "பருப்புதான் தினமும் சாப்பிடுகிறாளே" என்றால் கணக்கு உதைக்கும். ஊறவைப்பதும் முளைகட்டுவதும், இரும்பைப் பிடித்துவைக்கும் ஃபைட்டேட் என்ற பொருளைக் குறைத்து இரும்பை எளிதில் சேரவிடும்.

அதே வேளையில் வைட்டமின் சி சேர வேண்டும். காலையில் ஆரஞ்சு, மதியம் பருப்பு என்றால் பயனில்லை. இரண்டும் ஒரே தட்டில் இருக்கட்டும். அரைக் கொய்யாவோ, நறுக்கிய பச்சைக் குடைமிளகாயோ, எலுமிச்சைச் சாறோ போதும். எலுமிச்சையை அடுப்பை அணைத்து, சூடு சற்றுத் தணிந்த பிறகு பிழியுங்கள். கொதிக்கும்போது பிழிந்தால் புளிப்பு நிற்கும், வைட்டமின் குறைந்துவிடும். டீ, காபி சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்போ பின்போ தள்ளிப் போகட்டும். சாப்பாட்டோடு ஒரு டீ குடித்தால் அந்த வேளை இரும்பில் உறிஞ்சப்படுவது பாதிக்கும் மேல் குறையலாம். கால்சியம் மாத்திரையையும் வேறு வேளைக்கு மாற்றுங்கள்.

இனி பரிசோதனை. "ஹீமோகுளோபின் 12.1, நார்மல்" என்று கோப்பை மூடிவிடாதீர்கள். உடலின் இரும்புச் சேமிப்பு தீர்ந்த பிறகுதான் ஹீமோகுளோபின் இறங்கத் தொடங்கும். அந்தச் சேமிப்பைக் காட்டுவது ஃபெரிட்டின் என்ற ரத்தப் பரிசோதனை. அது 15க்குக் கீழே என்றால் கையிருப்பு காலி என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் அளவுகோல். ரத்தசோகை இல்லாமல் ஃபெரிட்டின் மட்டும் குறைந்திருந்த பள்ளி மாணவிகளுக்கு பால்டிமோரில் இரும்பு கொடுத்துப் பார்த்த ஆய்வு 1996இல் வெளியானது. இரும்பு பெற்றவர்கள், கேட்டதை நினைவில் வைக்கும் தேர்வில் மற்றவர்களைவிட நன்றாகச் செய்தார்கள். "படிப்பில் கவனமில்லை" என்று சொல்லும் முன் இதை நினைத்துப் பாருங்கள். ஐஸ் கட்டியைக் கடித்துக்கொண்டே இருப்பது, சாக்பீஸ் தின்ன ஆசைப்படுவது, முடி கொத்தாகக் கொட்டுவது எல்லாம் ஃபெரிட்டின் பார்க்கச் சொல்லும் அறிகுறிகள். காய்ச்சலோ தொற்றோ இருக்கும்போது பார்க்க வேண்டாம், அளவு பொய்யாக உயர்ந்து காட்டும். முடிக்காக பயோட்டின் மாத்திரை சாப்பிடுபவளாக இருந்தால் ஆய்வகத்தில் முன்பே சொல்லிவிடுங்கள். சில கருவிகளின் அளவீட்டை அது குழப்பும்.

மாதவிடாயைப் பற்றி யாரும் கேட்பதே இல்லை. 1 மி.லி. ரத்தம் போனால் அரை மி.கி. இரும்பு போகிறது. ஏழு நாளுக்கு மேல் நீள்வதும், மணிக்கு ஒரு நாப்கின் நனைவதும், பெரிய கட்டிகளாகப் போவதும் "எங்கள் குடும்பத்தில் எல்லோருக்கும் இப்படித்தான்" என்று விடும் விஷயம் அல்ல. குடும்பத்தில் எல்லோருக்கும் இருக்கிறதென்றால், ரத்தம் உறைவதில் வான் வில்லிபிராண்ட் போன்ற பரம்பரைக் குறைபாடு இருக்கிறதா என்று கட்டாயம் பார்க்க வேண்டும். அதைக் கவனிக்காமல் உணவை மட்டும் மாற்றுவது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் நிரப்பும் வேலை.

இரும்பு மாத்திரை தேவைப்பட்டால் மருத்துவர் சொன்ன அளவில், வெறும் வயிற்றில், எலுமிச்சைச் சாற்றோடு கொடுங்கள். பாலோடு வேண்டாம். மலம் கறுப்பது இயல்பு. ஒருநாள் விட்டு ஒருநாள் எழுதிக் கொடுத்தால் அது கஞ்சத்தனம் அல்ல: ஒரு வேளை மாத்திரைக்குப் பிறகு ஹெப்சிடின் என்ற ஹார்மோன் ஏறி, ஏறக்குறைய ஒரு நாள் வரை குடல் இரும்பை ஏற்பதைக் குறைத்துவிடுகிறது. ஹீமோகுளோபின் சரியானதும் நிறுத்திவிடாதீர்கள். சேமிப்பு நிரம்ப மேலும் மூன்று மாதம் ஆகும். பரிசோதனை இல்லாமல் நீங்களாகவே வாங்கியும் கொடுக்காதீர்கள். தலசீமியா என்ற பரம்பரை ரத்தக் குறைபாட்டின் மரபணுவைச் சுமப்பவர்களுக்கும் (தலசீமியா பண்பு) ஹீமோகுளோபின் குறைவாகத்தான் இருக்கும், அதை இரும்பு சரிசெய்யாது. வீட்டில் சிறு குழந்தை இருந்தால் மாத்திரையை உயரத்தில், பூட்டி வையுங்கள். அளவு மீறினால் உயிருக்கே ஆபத்து.

வைட்டமின் பி12 தனிக் கதை. எந்தக் காய்கறியிலும், பழத்திலும், பருப்பிலும் அது நம்பும் அளவுக்கு இல்லை. ஸ்பைருலினாவில் இருப்பது உடலுக்கு உதவாத போலி வடிவம். தேவை நாளுக்கு 2.4 மைக்ரோகிராம். ஒரு கப் பாலில் 1க்குச் சற்று மேல், ஒரு முட்டையில் அரை. பருவுக்குப் பயந்து பாலை நிறுத்திய பெண்ணுக்கு, முட்டையும் சாப்பிடாவிட்டால், பி12 மாத்திரை கட்டாயம். கீரையும் பருப்பும் நிறையச் சாப்பிடுவதால் ஃபோலேட் போதுமான அளவு இருக்கும். அதனால் ரத்த அணுக்களில் மாற்றம் தெரியாமலே நரம்பு பாதிக்கப்படலாம். கைகால் மரத்துப்போகிறது, ஊசி குத்துகிறது என்றால் காத்திருக்காதீர்கள்.

பாலுக்குப் பதில் பாதாம் பால் என்றால் புரதம் ஒரு கப்புக்கு 8 கிராமிலிருந்து 1 கிராமுக்கு இறங்கிவிடும். சோயா பால் 7 கிராம் தரும். கால்சியம் சேர்த்ததாகப் பார்த்து வாங்கி, ஊற்றும் முன் நன்றாகக் குலுக்குங்கள். சேர்த்த கால்சியம் அடியில் தங்கிவிடும். இந்த வயதில் கால்சியம் நாளுக்கு 1300 மி.கி. வேண்டும். எலும்பின் உச்ச வலுவில் பெரும்பகுதி 18 வயதுக்குள் சேர்ந்துவிடுகிறது, பிறகு ஈடுகட்டுவது கடினம்.

இறைச்சி வேண்டாம் என்று மகள் முடிவெடுத்தால் அதற்காகச் சண்டை போடாதீர்கள். திட்டமிட்ட சைவ உணவில் நன்றாக வளரலாம். ஆனால் முதலில் இறைச்சி, பிறகு பால், பிறகு எண்ணெய், பிறகு சோறு என்று பட்டியலில் ஒவ்வொன்றாக நீங்கிக்கொண்டே போனால், தனியாகவே சாப்பிட விரும்பினால், நாளுக்கு நான்கு முறை எடை பார்த்தால், அங்கே சைவம் உணவுக் கோளாறை மறைக்கும் ஒரு திரை மட்டுமே. அவள் உடலைப் பற்றிக் கருத்துச் சொல்வதைத் தயவுசெய்து வீட்டில் எல்லோரும் நிறுத்துங்கள், பாராட்டாக இருந்தாலும். தினம் ஒரு வேளையாவது கூட உட்கார்ந்து சாப்பிடுங்கள். மூன்று மாதம் மாதவிடாய் வராமலிருந்தாலோ, எழுந்து நின்றதும் மயக்கம் வந்தாலோ, அந்த வாரமே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். உணவை எதற்காக விலக்குகிறாள் என்று அவளிடம் தனியாகக் கேட்கச் சொல்லி, அந்த நேரம் நீங்கள் வெளியே இருங்கள்.