‘எனக்கு ஒண்ணுமில்லீங்க’ என்பவர்களுக்குத்தான் இந்தப் பரிசோதனை

பெருந்துறைப் பக்கத்து எங்கள் ஊரில், மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரையும் பிரஷரும் பார்க்க வீட்டுக்கு வரும் தன்னார்வலர் பெண், என் சின்னம்மாவைக் கருப்பை வாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனைக்குக் கூப்பிட்டார். சின்னம்மாவுக்கு வயது 44. “எனக்கு ஒண்ணுமில்லீங் கண்ணு. வெள்ளைப்படுதல்கூட இல்லை. குடும்பக் கட்டுப்பாட்டு ஆபரேசன் அப்பவே பண்ணியாச்சு. போன வருசம் ஸ்கேனும் எடுத்தாச்சு” என்றார்.

மூன்றுமே காரணமாகாது. குடும்பக் கட்டுப்பாட்டில் கருக்குழாயைத்தான் அடைக்கிறார்கள். கருப்பை வாய் இருந்த இடத்தில் அப்படியே இருக்கிறது. வயிற்று ஸ்கேனில் கட்டி தெரியலாம், ஆரம்ப மாற்றம் தெரியாது. தொந்தரவு இல்லை என்பதோ, பரிசோதனைக்கு ஏற்ற நேரம் இதுதான் என்று அர்த்தம். எச்.பி.வி. என்ற வைரஸ் தாம்பத்திய உறவில் பரவுகிறது. பெரும்பாலோருக்கு அது தானாகவே போய்விடும். சிலருக்கு மட்டும் தங்கி, கருப்பை வாயின் செல்களை மெல்ல மாற்றுகிறது. அது புற்றுநோயாக முற்றப் பெரும்பாலும் பத்துப் பதினைந்து வருடம் ஆகும். அந்த இடைவெளியில் கண்டுபிடிப்பதுதான் இந்தப் பரிசோதனையின் வேலை. உறவுக்குப் பின் ரத்தம், மாதவிலக்கு நின்ற பிறகு ரத்தம் என்று ஏதாவது தெரிந்தால் பரிசோதனை முகாமுக்குக் காத்திருக்கக் கூடாது. நேராக டாக்டரிடம் போக வேண்டும்.

அரசுத் திட்டப்படி 30 முதல் 65 வயதுவரை உள்ள பெண்களுக்கு, ஐந்து வருடத்துக்கு ஒரு முறை. கட்டணம் கிடையாது. வீட்டு வாசலிலேயே ஆளைப் பார்த்து அழைக்கும் ஒழுங்குபடுத்தப்பட்ட புற்றுநோய்ப் பரிசோதனையை 2023 நவம்பரில் தமிழ்நாட்டில் நான்கு மாவட்டங்களில் தொடங்கினார்கள். அதில் ஒன்று எங்கள் ஈரோடு.

உள்ளே என்ன நடக்கும் என்று தெரியாததுதான் பாதிப் பயம். சுகாதார நிலையத்தில் திரை போட்ட அறை; பெரும்பாலும் பார்ப்பவர் நர்ஸ். படுக்கவைத்து ஒரு கருவியால் வழியை விலக்கி, கருப்பை வாயில் நீர்த்த அசிட்டிக் அமிலத்தைப் பஞ்சில் தொட்டு வைப்பார். ஊறுகாய்க்கு ஊற்றுவோமே, வினிகர், அதே சரக்குதான். ஒரு நிமிடம் பொறுத்தால், மாறிய செல்கள் இருக்கும் இடம் வெள்ளையாகத் தெரியும். லேசாக எரியலாம். முடிவு அங்கேயே. இதற்குப் பெயர் வி.ஐ.ஏ. மாதவிலக்கு நாளில் செய்யமாட்டார்கள். கர்ப்பிணி என்றால் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். கருப்பையையே எடுத்துவிட்டவர்களும் அதைச் சொல்லட்டும், தேவையில்லாமல் இருக்கலாம்.

மாதவிலக்கு நின்றவர்களுக்குச் செல் மாறும் இடம் உள்ளே ஏறிவிடுவதால் வி.ஐ.ஏ.வில் சரியாகத் தெரியாது. அவர்களுக்குப் பேப் ஸ்மியர் அல்லது எச்.பி.வி. டி.என்.ஏ. பரிசோதனை ஏற்றது. பேப் ஸ்மியரில் செல்களைத் தேய்த்து எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார்கள். டி.என்.ஏ. பரிசோதனை வைரஸையே தேடுகிறது. உலக சுகாதார நிறுவனம் 2021-இல் முதன்மையாகப் பரிந்துரைத்தது இதைத்தான். என்னைக் கேட்டால், எது கிடைக்கிறதோ அதைச் செய்துகொள்வதே சரி.

‘பாசிட்டிவ்’ என்றதும் வீட்டில் அழுகைச் சத்தம் கேட்கும். வெள்ளைத் திட்டு தெரிந்தால் புற்றுநோய் என்று ஆகிவிடாது. புண், கிருமித் தொற்றுகூடக் காரணமாக இருக்கலாம். அடுத்து கால்போஸ்கோப் என்ற உருப்பெருக்கியில் பார்த்து, வேண்டுமென்றால் துளி சதை எடுத்து அனுப்புவார்கள். ஆரம்ப மாற்றம் என்றால் அந்த இடத்தைக் குளிர வைத்தோ சூடு வைத்தோ அகற்றிவிடலாம். கருப்பையை எடுக்க வேண்டியதில்லை. பயந்து இந்த இரண்டாவது நடைக்குப் போகாமல் விடுகிறார்களே, அதுதான் எனக்கு ஆத்திரம். முதல் பரிசோதனை செய்த பலனே அங்கே போகிறது. ஒருவேளை புற்றுநோயே என்றாலும், தகுதியுள்ள குடும்பத்துக்கு முதலமைச்சர் காப்பீட்டு அட்டையில் வருடத்துக்கு 5 லட்சம் வரை சிகிச்சைக்கு இடம் உண்டு.

“பனியன் கம்பெனியில் ஒரு நாள் லீவு போட்டால் சம்பளம் போகுமுங்க” என்று சின்னம்மா இழுத்தார். சுகாதார நிலையத்தில் அவர் படுத்து எழுந்தது பத்து நிமிடம்கூட இல்லை. நெகட்டிவ். அடுத்த முறை எந்த வருடம் என்று நர்சம்மா எழுதிக்கொடுத்த சீட்டை ரேஷன் கார்டு உறைக்குள் செருகி வைத்திருக்கிறார்.