ஹசார்ட்: ஊறுமூலம்

பெங்களூரின் தெற்கு விளிம்பில், பொம்மசந்திரா, ஜிகணி, அத்திப்பள்ளித் தொழிற்பேட்டைகளில் ஓசூர், கிருஷ்ணகிரிப் பக்கமிருந்து வேலைக்கு வரும் தமிழர்கள் ஏராளம். அங்குள்ள உணவு ஆலைகளில் பாதுகாப்புப் படிவம் ஆங்கிலத்தில் இருக்கும். சுவரில் கன்னடத்தில் 'அபாய' என்றும் இந்தியில் 'கத்ரா' என்றும் எழுதியிருக்கும். தமிழில் சொல்லிக்கொடுக்கும்போது மேற்பார்வையாளர் 'ஆபத்து' என்பார், இல்லாவிட்டால் 'டேஞ்சர்' என்றே விட்டுவிடுவார். படிவத்தில் உள்ள ஹசார்ட் (hazard) என்ற சொல்லுக்கு, அதாவது தீங்கு தரக்கூடிய மூலம் என்ற பொருளுக்கு, இவற்றில் எதுவும் சரியாகப் பொருந்தாது. அதன் விளைவைப் படிவத்திலேயே பார்க்கலாம்.

ஹசார்ட் என்ற கட்டத்தில் பெரும்பாலும் 'வழுக்கி விழுதல்' என்று எழுதுகிறார்கள். விழுவது நிகழ்ச்சி. தரையில் தேங்கி நிற்கும் எண்ணெய் கலந்த நீர்தான் ஹசார்ட். நிகழ்ச்சியை எழுதினால், எதிரே உள்ள கட்டுப்பாட்டுக் கட்டத்தில் 'கவனமாக நடக்கவும்' என்பதைத் தவிர வேறெதுவும் வராது. நீரை எழுதினால் அது எங்கிருந்து வருகிறது என்று தேட வேண்டியிருக்கும்: பம்பின் சீல் கசிகிறதா, தரைச்சரிவு வடிகாலை நோக்கி இருக்கிறதா, வடிகால் வலையில் மாவு அடைத்திருக்கிறதா? முதல் கட்டத்தில் சொல் பிசகினால் அடுத்த கட்டங்கள் எல்லாம் பிசகும்.

ஆங்கிலத்துக்கு இச்சொல் பழைய பிரெஞ்சு மொழியின் 'ஹஸார்' வழியாக வந்தது. அது ஒரு பகடை ஆட்டத்தின் பெயர். பகடையைக் குறிக்கும் 'அஸ்-ஸஹ்ர்' என்ற அரபுச் சொல்லே இதன் வேர் என்று பல அகராதிகள் சொன்னாலும் அறிஞர்களிடையே உடன்பாடு இல்லை. ஆட்டத்திலிருந்து இழப்பு வாய்ப்புக்கும், அதிலிருந்து தீங்கு தரும் பொருளுக்கும் பொருள் நகர்ந்துவிட்டது. இன்றைய துறைவழக்கில் 'வாய்ப்பு' என்ற பொருளை ரிஸ்க் என்ற சொல் எடுத்துக்கொண்டது.

தொழில் பாதுகாப்புக்கான பன்னாட்டுத் தரநிலையான ஐஎஸ்ஓ 45001 (2018) ஹசார்டை, காயத்தையோ உடல்நலக் கேட்டையோ உண்டாக்கக்கூடிய மூலம் என்று வரையறுக்கிறது. நம் நாட்டின் 2006-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணயச் சட்டம் உண்பவர் பக்கமிருந்து பார்க்கிறது: உடல்நலத்துக்குத் தீங்கு செய்யக்கூடிய, உணவில் உள்ள உயிரியல், வேதியியல், பௌதிகக் காரணி அல்லது உணவின் நிலை. அதே சட்டத்தில் ரிஸ்க் என்பது அத்தீங்கு நேரும் வாய்ப்பும் அதன் கடுமையும் சேர்ந்தது. ஆக, ஒன்று பொருள், மற்றது அளவு.

இனித் தமிழுக்கு வருவோம். 'ஆபத்து', 'அபாயம்' இரண்டும் வடமொழி வழி வந்தவை. நம் காதுக்கு அவை கண்ணெதிரே வந்துவிட்ட நிலையைச் சொல்பவை. பூட்டிய அலமாரியில் மூடியோடு இருக்கும் காஸ்டிக் சோடாவை யாரும் 'ஆபத்து' என்று சொல்லமாட்டார்கள். ஆனால் அது ஹசார்ட்தான். 'இடர்' நல்ல சொல். பேரிடர் மேலாண்மை வழியாக மக்களிடம் ஊன்றியும் விட்டது. ஆனால் அதையே ரிஸ்க்குக்கும் ஹசார்டுக்கும் மாற்றி மாற்றி எழுதுவதால், இரண்டையும் பிரித்துக் காட்ட வேண்டிய இடத்தில் கைகொடுப்பதில்லை. 'தீங்கு', 'கேடு' இரண்டும் விளைவைக் குறிப்பவை.

எஞ்சுவது 'ஊறு'. கெடு என்பது கேடு என்றும், சுடு என்பது சூடு என்றும் நீள்வதுபோல, உறு என்பது ஊறு என்று நீண்ட முதனிலை திரிந்த தொழிற்பெயர். வந்து உறுவது ஊறு. 'இடையூறு', 'ஊறு விளைவிக்கும்' என்று இன்றும் எழுதுகிறோம். 'ஊறொரால் உற்றபின் ஒல்காமை' என்ற 662-ஆம் குறளிலும் இச்சொல்லே வருகிறது. அதன் கருத்து: வருமுன் விலக்கு, வந்தபின் தளராதே. ஆலையில் தடுப்புக்கும் அவசரக்கால ஏற்பாட்டுக்கும் உள்ள பிரிவு இதுதான். 'சுவைஒளி ஊறுஓசை நாற்றம்' என்ற குறளில் ஊறு என்றால் தொடுவுணர்வு. ஊறுகாயில் உள்ளது ஊறுதல் என்ற வேறு வினை, குழப்பிக்கொள்ள வேண்டாம்.

ஊறு விளைவாகவும் பொருள்படுவதால் தனியே நிறுத்தாமல் 'ஊறுமூலம்' என்று எழுதுவதே துல்லியம். ரிஸ்க்குக்கு 'இடர்வாய்ப்பு' என்று வைத்துக்கொண்டால் இரண்டும் மோதாது. வேலையிடப் படிவத்தின் ஒவ்வொரு கட்டத்திலும் கலைச்சொல்லோடு ஒரு கேள்வியையும் சேர்த்து அச்சிடுவது நல்லது: 'எது தீங்கு தரும்?', 'எப்படித் தரும்?', 'எவ்வளவு வாய்ப்பு, எவ்வளவு கடுமை?'

குளிர்கிடங்கைக் குளிர்விக்கும் அம்மோனியாவை எடுத்துக்கொண்டால் வேறுபாடு தெளிவாகும். குழாய்க்குள் அடைபட்டிருக்கும்போதும் அது ஊறுமூலம். 8 மணி நேரப் பணிக்குப் பரவலாகக் கொள்ளப்படும் வரம்பு காற்றில் 25 பிபிஎம் (பத்து லட்சத்தில் 25 பங்கு), குறுகிய நேரத்துக்கு 35. 300 பிபிஎம் எட்டினால் உயிருக்கு உடனடி ஆபத்து; 'ஆபத்து' என்ற சொல்லுக்கு உரிய இடம் அதுதான். கசிவு அடிக்கடி நேரும் இடம், குளிரூட்டும் அமைப்பில் சேரும் கம்ப்ரசர் எண்ணெயை வடிக்கும் வால்வு. அடியில் தேங்கிய எண்ணெய் தீர்ந்ததும் அதன் பின்னால் திரவ அம்மோனியா பாய்ந்து வரும்; வால்வைத் திறந்து வைத்துவிட்டு ஆள் நகர்ந்திருந்தால் மூட வழியிருக்காது. கையை எடுத்ததும் தானே மூடிக்கொள்ளும் ஸ்பிரிங் வால்வைப் பொருத்தினால் ஊறுமூலம் அப்படியே இருக்கும், இடர்வாய்ப்பு குறையும்.

கழுவும் பகுதியில் தவறு நேர்வது வேறு விதம். பால் குழாய்களைப் பிரிக்காமலே கழுவ, ஏறத்தாழ 1.5 முதல் 2 சதவீதக் காஸ்டிக் கரைசலை 75 டிகிரிக்கு மேல் சூடாக்கி ஓட்டுவார்கள். பிறகு நைட்ரிக் அமிலம், கடைசியில் கிருமிநீக்கி. கிருமிநீக்கியான ஹைப்போகுளோரைட்டும் ('ஹைப்போ') அமிலமும் ஒன்று சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். இரண்டு கேன்களும் ஒரே தட்டில், ஒரே வாளியோடு இருந்தால் படிவத்தில் எழுத வேண்டியது 'மூச்சுத்திணறல்' அன்று. 'அமிலமும் ஹைப்போவும் கலக்கக்கூடிய நிலை'. அப்படி எழுதினால்தான் தனி அறை, தனி நிற வாளி, பொருந்தாத குழாய்முனை என்று தீர்வுகள் தோன்றும்.

கழிவுநீர்க் குழியில் இச்சொல் உயிர் தொடர்பானது. கொழுப்பும் புரதமும் காற்றில்லாமல் அழுகும்போது ஹைட்ரஜன் சல்பைடு என்ற நச்சு வாயு உருவாகிறது. 100 பிபிஎம் அளவில் மூக்கு மரத்துப்போகும்; வாடை நின்றதை வாயு போய்விட்டதாக எண்ணி ஒருவர் இறங்குகிறார், அவரைத் தூக்க அடுத்தவர் இறங்குகிறார். கருவியால் அளந்து, ஆக்சிஜன் 19.5 சதவீதத்துக்குக் குறையாமலும் வாயு வரம்புக்குள்ளும் இருக்கிறது என்று உறுதியான பிறகுதான் இறங்கலாம். இங்கே ஊறுமூலம் கண்ணுக்குத் தெரியாதது, அதனால் அதைப் பெயர் சொல்லி எழுதுவது இன்னும் முக்கியம்.

சுற்றுச்சூழலுக்கான ஐஎஸ்ஓ 14001 ஹசார்ட் என்பதை மையச்சொல்லாகக் கொள்ளாமல் 'ஆஸ்பெக்ட்' (செயல்களில் சுற்றுச்சூழலோடு தொடர்புறும் கூறு) என்கிறது. அதற்குச் 'சூழற்கூறு' போதும். 'ஹசார்டஸ் வேஸ்ட்' என்பதற்கு 'அபாயகரமான கழிவு' என்ற வழக்கு ஊன்றிவிட்டது. 'ஊறுதரு கழிவு' சுருக்கமாகவும் சரியாகவும் இருக்கும். கம்ப்ரசரிலிருந்து வடித்த பழைய எண்ணெய் இவ்வகை. 2016-ஆம் ஆண்டு அபாயகரக் கழிவு விதிகளின்படி பொதுவாக 90 நாட்களுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. டிரம்மில் ஒட்டும் மஞ்சள் சீட்டில் எச்சரிக்கை ஆங்கிலம், இந்தி, வட்டார மொழி மூன்றிலும் சிவப்பு எழுத்தில் இருக்க வேண்டும். பெங்களூரில் அந்த வட்டார மொழி கன்னடம். டிரம்மை உருட்டுபவர்களில் தமிழர்கள் இருக்கும் ஆலையில், சீட்டுக்குக் கீழே தமிழிலும் ஒரு வரி ஒட்டுவதைச் சட்டம் தடுக்கவில்லை.