பழைய லேப்டாப்பை யாரிடம் கொடுப்பது? இ-வேஸ்ட் விதிகளும் அலைக்கழிப்பும்

ஓர் அரசுப் பள்ளியில் பூட்டிக் கிடந்த அறையைத் திறந்து காட்டினார்கள். சுவரோரம் 14 கம்ப்யூட்டர்கள். மேலே தூசு, பல்லி எச்சம், எலி கடித்த வயர். அடுத்த வகுப்பில் கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்கிற பிளஸ் டூ பிள்ளைகள் புரோகிராமை நோட்டில் எழுதிப் பழகிக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொன்றாக இணைத்துப் பார்த்ததில் 5 கம்ப்யூட்டர்கள் உடனே ஓடின. ஆனால் ஒன்றைக்கூட வகுப்புக்குக் கொண்டுபோக முடியவில்லை. "ஸ்டாக் ரிஜிஸ்டர்ல பழுதுன்னு எழுதியாச்சு சார். இப்ப ஓடுதுன்னா ஆடிட்ல என்னைத்தான் கேப்பாங்க" என்றார் தலைமையாசிரியர். அவர் பயம் நியாயமானது. அந்தப் பயத்தை அவருக்குக் கொடுத்த நடைமுறைதான் தப்பு.

மின்னணுக் கழிவைப் பற்றி எழுதுகிறவர்கள் ஒரு பக்கம், எல்லோருக்கும் இணையம் வேண்டும் என்று பேசுகிறவர்கள் இன்னொரு பக்கம். இரண்டும் ஒரே பிரச்சினை என்பது அந்த அறையில் நின்றால் புரியும். 2022-ல் மட்டும் உலகம் முழுவதும் 6.2 கோடி டன் மின்னணுக் கழிவு சேர்ந்தது. அதில் முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்யப்பட்டது 22.3 சதவீதம்தான் என்று ஐ.நா. அமைப்புகளின் 2024 அறிக்கை சொல்கிறது. மீதியில் கணிசமான பங்கு, வயரை எரித்துச் செம்பு எடுக்கிற, அமிலத்தில் போர்டை முக்கித் தங்கம் எடுக்கிற இடங்களுக்குப் போகிறது. அந்தப் புகையை மூச்சில் வாங்குகிறவர்களிடம் பெரும்பாலும் ஒரு கம்ப்யூட்டர்கூட இருக்காது.

சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மின்னணுக் கழிவு மேலாண்மை விதிகள் 2022, 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கின்றன. செல்போன், லேப்டாப், டிவி, ஃபிரிட்ஜ், ஏசி என்று 106 வகைப் பொருட்கள் இதற்குள் வரும். தன் பிராண்டில் விற்ற நிறுவனமே தன் பொருளின் கழிவுக்குப் பொறுப்பு. அதில் இத்தனை சதவீதம் மறுசுழற்சி ஆக வேண்டும் என்று இலக்கும் உண்டு. 2025-26-க்கு அது 70 சதவீதம். உற்பத்தியாளர், தன் பிராண்டில் விற்கும் நிறுவனம், பழுது நீக்கிப் புதுப்பிப்பவர், மறுசுழற்சி செய்பவர் ஆகிய நான்கு தரப்பும் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இணையதளத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். சட்டம் இவ்வளவுதான். நாம் மாட்டிக்கொள்வது இதற்கு அப்புறம்தான்.

முதல் இடம் கடை. "பழசை எடுத்துக்குவீங்களா?" என்று கேட்டால் "புதுசு வாங்கினா எக்ஸ்சேஞ்ச்ல எடுத்துக்குறோம், சும்மா எடுக்க மாட்டோம்" என்பார்கள். எக்ஸ்சேஞ்ச் என்பது வியாபாரம். கழிவைத் திரும்பப் பெறுவது வேறு. இரண்டையும் குழப்பித்தான் உங்களைத் திருப்பி அனுப்புகிறார்கள். கவுன்டரில் நின்று வாதாட வேண்டாம், அங்கே இருக்கிற பையனுக்கு இந்த விதி தெரிந்திருக்காது. நிறுவனத்தின் இணையதளத்தில் இ-வேஸ்ட் பக்கம் என்று ஒன்று இருக்கும், பெரும்பாலும் கீழே சின்ன எழுத்தில். அதில் உள்ள மின்னஞ்சலுக்கு மாடல் எண், சீரியல் எண், உங்கள் பின்கோடு போட்டு எழுதுங்கள். போனில் பேசினால் ஒரு பதிவும் மிஞ்சாது. எழுதினால் நாளைக்கு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்குப் போகும்போது கையில் ஆதாரம் இருக்கும். பொருளைக் கொடுக்கிற உங்களுக்குக் கையில் பணம் கிடைக்கும் என்று மட்டும் எதிர்பார்க்காதீர்கள். இந்த விதி அப்படி எந்தத் தொகையையும் உங்களுக்கு உறுதி செய்யவில்லை. காயலான் கடையில் காசு கிடைக்கிறது, கம்பெனியில் கிடைப்பதில்லை. மக்கள் எங்கே போவார்கள் என்று விதி எழுதியவர்கள் யோசித்திருக்க வேண்டும்.

பழைய பெட்டி டிவியை ஏன் யாருமே வாங்குவதில்லை என்று பலர் கேட்கிறார்கள். மறுசுழற்சி செய்பவருக்குக் கிடைக்கும் சான்றிதழ் (விற்ற நிறுவனங்கள் தங்கள் இலக்கைக் கணக்குக் காட்ட அவரிடம் காசு கொடுத்து வாங்குவது) இரும்பு, செம்பு, அலுமினியம், தங்கம் ஆகிய உலோகங்களின் கணக்கில்தான் வருகிறது. பெட்டி டிவியில் அதிகம் இருப்பது ஈயம் கலந்த கண்ணாடி. அதில் யாருக்கும் லாபம் இல்லை. அதனால் டிவி மட்டும் தனியாக இருந்தால் "வண்டி அனுப்ப முடியாது" என்பார்கள். தெருவில் நாலைந்து வீட்டுக்காரர்கள் சேர்ந்து, பழைய கம்ப்யூட்டர், மிக்ஸி மோட்டார் எல்லாம் ஒரே இடத்தில் வைத்துக் கூப்பிடுங்கள், வண்டி வரும். எப்படியானாலும் அந்தப் பிக்சர் டியூபை வீட்டில் உடைக்காதீர்கள்.

இரண்டாவது இடம் போலிச் சான்றிதழ். இதில்தான் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள், அதுவும் பள்ளி, கல்லூரி, சிறு மருத்துவமனை நடத்துகிறவர்கள். "நாங்க கவர்ன்மென்ட் ஆதரைஸ்டு" என்று ஒருவர் லேமினேட் செய்த காகிதத்தோடு வருவார். வாங்கிப் படியுங்கள். ஜிஎஸ்டி பதிவா? உத்யம் என்கிற சிறுதொழில் பதிவா? ஐஎஸ்ஓ சான்றா? இதில் எதுவுமே மின்னணுக் கழிவை வாங்கும் உரிமம் ஆகாது. 2016 விதிகளின்படி வாங்கிய பழைய அனுமதியைக் காட்டுவார்கள். அப்போது சேகரிப்பு மையம், பிரித்தெடுப்பவர் என்று தனித்தனி வகைகள் இருந்தன. புதிய விதியின் பதிவில் அந்த வகைகளே இல்லை. இன்னும் சிலர் வேறு ஊர்க் கம்பெனியின் நகலை வைத்துக்கொண்டு "அவங்களுக்குத்தான் சார் அனுப்புறோம்" என்பார்கள். அப்படியென்றால் ரசீதும் அந்தக் கம்பெனியின் பெயரில் வர வேண்டும். வராது.

சரிபார்ப்பது கஷ்டமில்லை. மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் பட்டியலில் பெயர் இருக்கிறதா, பதிவு எந்தத் தேதிவரை செல்லும், பதிவு மறுசுழற்சிக்கா புதுப்பிப்புக்கா என்று மூன்றையும் பாருங்கள். பொருளைக் கொடுக்கும்போது என்ன பொருள், எத்தனை, எவ்வளவு எடை, சீரியல் எண் என்ன என்று எழுதிய ரசீதை வாங்குங்கள். "ஒரு லாட்" என்று எழுதிக் கொடுத்தால் வாங்காதீர்கள்.

ஒரே நிதியாண்டில் எப்போதாவது 1000 அல்லது அதற்குமேற்பட்ட பொருட்களைப் பயன்படுத்தும் நிறுவனம் மொத்தப் பயன்பாட்டாளர் ஆகிவிடும். அவர்கள் கழிவைப் பதிவு பெற்றவர்களிடம் மட்டும்தான் கொடுக்க வேண்டும், வேறு வழியே இல்லை. பெரிய கல்லூரிகள் கம்ப்யூட்டர்களை மட்டும் எண்ணிவிட்டு "எங்களிடம் 600தான்" என்கின்றன. பிரிண்டரும் ஏசியும் ஃபிரிட்ஜும் கணக்கில் சேரும்.

இப்போது எனக்கு மிக முக்கியமான விஷயம்: ஓடுகிற கம்ப்யூட்டரை அடுத்தவருக்குக் கொடுப்பது. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்ததும் அலுவலகங்கள் கூட்டம் கூட்டமாக கம்ப்யூட்டர்களை ஒதுக்குகின்றன. அவற்றில் பல, விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் என்கிற இலவச இயங்குதளம் போட்டால் இன்னும் சில வருடம் ஓடும். கழிவு என்று ஒதுக்காத, ஓடுகிற பொருள் மின்னணுக் கழிவு ஆகாது. அதைப் பள்ளிக்கோ நூலகத்துக்கோ கொடுக்க இந்த விதியில் தடை இல்லை. ஆனால் கடிதத்தில் "பயன்படுத்திய, இயங்கும் நிலையில் உள்ள, மறுபயன்பாட்டுக்கான கணினிகள்" என்று எழுதி, சீரியல் எண்களையும் போட்டால்தான் அது நிற்கும். "பழைய கணினிகள் நன்கொடை" என்று மொட்டையாக எழுதினால் கொடுத்தவருக்கும் சிக்கல், வாங்கியவருக்கும் சிக்கல்.

வாங்குகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். நன்கொடை என்றவுடன் கையெழுத்துப் போடாதீர்கள். தங்கள் குப்பையை அகற்றும் செலவை மிச்சப்படுத்த, அதை உங்கள் தலையில் கட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். ஒரு தொண்டு நிறுவனத்துக்கு 30 கம்ப்யூட்டர்கள் வந்தன. ஓடியது 4. மீதி 26-ஐ அகற்ற அவர்களே வண்டி வாடகை கொடுத்தார்கள். போட்டோவில் சிரித்தவர்கள் அதற்கப்புறம் போனை எடுக்கவில்லை. வண்டியில் இருந்து இறக்கும் முன்பே ஒவ்வொன்றையும் ஆன் செய்து பாருங்கள். சார்ஜர் இருக்கிறதா, பாஸ்வேர்டு நீக்கியிருக்கிறார்களா என்று பாருங்கள். செல்போன், டேப் என்றால் பழைய உரிமையாளர் தன் கூகுள் கணக்கையோ ஆப்பிள் கணக்கையோ வெளியேற்றிவிட்டுத்தான் ரீசெட் செய்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் அது பூட்டிக்கொள்ளும், எந்தக் குழந்தைக்கும் பயன்படாது. திருட்டுப் போனா என்று பார்க்க, *#06# அழுத்தினால் வரும் 15 இலக்க எண்ணை, ஆங்கிலத்தில் கேஒய்எம் என்று அடித்து ஓர் இடம் விட்டு எழுதி, 14422-க்கு எஸ்எம்எஸ் அனுப்புங்கள்.

தமிழ்நாட்டு வீடுகளில் பரண்மேல் கிடக்கிற பொருள் ஒன்று இருக்கிறது. 2011-ல் தொடங்கிய திட்டத்தில் கொடுத்த விலையில்லா லேப்டாப். "பேட்டரி போச்சு, சும்மா கிடக்கு" என்பார்கள். போனவாரம் அப்படி ஒன்றைத் திறந்தோம். பேட்டரியைக் கழற்றி வைத்துவிட்டு சார்ஜரை மட்டும் மாட்டினோம், ஓடியது. ரேம் ஒன்று மாற்றி, எடை குறைந்த லினக்ஸ் போட்டோம். அந்த வீட்டுப் பையன் அன்று சாயங்காலமே உதவித்தொகை விண்ணப்பத்தை அதில் நிரப்பினான். அதுவரை ஒவ்வொரு தடவையும் பிரவுசிங் சென்டரில் காசு கொடுத்துக்கொண்டிருந்தான். கழற்றின பேட்டரியைக் குப்பையில் போடக் கூடாது. அதற்குத் தனி விதி, பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள் 2022. பேட்டரி உப்பியிருந்தால் குத்தாதீர்கள், அழுத்தாதீர்கள், சார்ஜ் போடாதீர்கள். உலோக டப்பாவில் மணல் போட்டு அதில் வைத்து, வீட்டுக்கு வெளியே நிழலில் வைத்துவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள்.

அரசு அலுவலகம், அரசுப் பள்ளிப் பொருட்கள் என்றால் பாதை வேறு. முதலில் கண்டம் செய்ய வேண்டும், அதாவது இனிப் பயன்படாது என்று முறைப்படி கழித்து எழுத வேண்டும், அதற்கு ஒரு குழு வந்து பார்க்க வேண்டும், மதிப்பு போட வேண்டும், மேலிடத்து உத்தரவு வர வேண்டும், அப்புறம் ஏலம். ஒவ்வொரு படியிலும் கோப்பு தூங்கும். அந்தத் தலைமையாசிரியர் மூன்று கடிதம் எழுதியிருந்தார், மூன்றுக்கும் பதில் இல்லை. கேட்டுப் பார்த்ததில் தெரிந்தது: கடிதத்தில் "14 கணினிகள் பழுது" என்று ஒரே வரி. எதைச் சரி செய்யலாம், எதைக் கண்டம் செய்யலாம் என்று பிரிக்கவில்லை. அதனால் பிரிவு எழுத்தர் எந்தத் தலைப்பில் போடுவது என்று தெரியாமல் ஓரமாக வைத்துவிட்டார். திருப்பி அனுப்பக்கூட இல்லை.

நாங்கள் இரண்டு பட்டியலாகப் பிரித்து எழுதினோம். ஓடுகிற 5 கணினிகளை "பழுது நீக்கப்பட்டது" என்று பதிவேட்டில் திருத்த அனுமதி கேட்டு ஒரு கடிதம். மீதி 9-ஐக் கண்டம் செய்யக் கேட்டு இன்னொரு கடிதம். ஓடாததில் இருந்து ரேம் கழற்றி ஓடுவதில் போட நினைத்தால் அதற்கும் அனுமதி எழுதிக் கேளுங்கள். கேட்காமல் செய்தால் தணிக்கைத் தடை (ஆடிட் ஆட்சேபம்) வரும், அது அந்த ஆசிரியரின் ஓய்வூதியம் வரைக்கும் துரத்தும்.

பதில் வராவிட்டால் 30 நாள் கழித்துத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுங்கள், கட்டணம் 10 ரூபாய். "ஏன் தாமதம்" என்று கேட்காதீர்கள், அதற்குப் பதில் சொல்ல அவர்கள் கடமைப்பட்டவர்கள் இல்லை. "இந்தத் தேதியிட்ட கடிதம் இன்று யாரிடம் இருக்கிறது, அதன்மேல் எழுதப்பட்ட குறிப்புகளின் நகல் வேண்டும்" என்று கேளுங்கள். எங்களுக்கு நகல் வரும் முன்பே 5 கணினிகளுக்கான உத்தரவு வந்துவிட்டது. மீதி 9 இன்னும் அந்த அறையில்தான் இருக்கின்றன. திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்துக்குப் போகிறோம், கடிதத்தின் நகலில் சீல் வாங்கிக்கொண்டுதான் திரும்புவோம்.