திண்குண்டும் பொதிகுண்டும்: ‘ஷெல்’ என்பது ஓடு அன்று

அமெரிக்க உள்நாட்டுப் போரைப் பற்றித் தமிழில் வரும் மொழிபெயர்ப்புகளில், சம்ட்டர் கோட்டையின் மீது “உலையில் பழுக்கக் காய்ச்சிய வெடிகுண்டுகள்” வீசப்பட்டதாக எழுதும் வழக்கம் ஒன்று இருக்கிறது. வெடிகுண்டை உலையிலிட்டுக் காய்ச்சினால் அது பகைவனின் கோட்டை வரை காத்திருக்காது. காய்ச்சியவனைத்தான் முதலில் கொல்லும். 1861 ஏப்ரல் 12, 13 நாள்களில் சம்ட்டரின் படைவீடுகளுக்குத் தீ வைத்தவை, உள்ளே ஒரு சிட்டிகை வெடிமருந்தும் இல்லாத கெட்டி இரும்பு உருண்டைகள். ஆங்கிலத்தில் அவை ‘ஷாட்’. அந்தத் தாக்குதலைத் தொடங்கிவைக்க விடியற்காலை 4.30 மணிக்கு ஜான்சன் கோட்டையின் 10 அங்குல மோர்ட்டாரிலிருந்து (குண்டை உயர எய்யும் குறுங்குழல் பீரங்கி) எழுந்து வானில் வெடித்ததோ ‘ஷெல்’. ஒன்று மோதியும் சுட்டெரித்தும் அழிப்பது, மற்றொன்று தானே பிளந்து அழிப்பது. இரண்டையும் ஒரே சொல்லால் எழுதினால் இப்படித்தான் உலையில் வெடிகுண்டு வேகும்.

சொற்பிறப்பைச் சுருக்கமாகவே பார்த்துவிடலாம். தமிழில் ‘குண்டு’ உருண்டு திரண்ட பொருள். குண்டூசியும் குண்டுமல்லியும் அதற்குச் சான்று. (சங்கப் பாடல்களின் ‘குண்டுகண் அகழி’யில் வருவது ஆழத்தைக் குறிக்கும் குண்டு, அது வேறு பொருள்.) ‘பீரங்கி’ பரங்கியரின் பெயரிலிருந்து வந்தது. ‘ஷாட்’ சுடுதலைக் குறிக்கும் வினையிலிருந்து பிறந்தது. சிப்பி, முட்டை, கொட்டை ஆகியவற்றின் மேலுறைக்கு ஆங்கிலேயர் வைத்திருந்த பெயரான ‘ஷெல்’, உள்ளீடற்ற இரும்பு உருண்டைக்கும் பெயராயிற்று. பிரெஞ்சுக்காரர் அதே வகைப் பொருளுக்கு மாதுளையின் பெயரை வைத்தனர். அவர்கள் கண்ணில் பட்டது தோல் அன்று, உள்ளே நெருங்கிக் கிடந்த விதைகள்.

இங்கேதான் ‘பீரங்கி ஓடு’ என்ற ஆக்கத்தோடு எனக்கு வழக்கு. அகராதியில் ‘ஷெல்’லுக்கு நேரே ஓடு என்றிருப்பதைக் கண்டு அப்படியே எடுத்து வைத்துவிடுகிறார்கள். தமிழில் ஓடு என்பது பெரும்பாலும் உள்ளிருந்தது போன பின் எஞ்சுவது. முட்டையோடு, நத்தையோடு, மண்டையோடு என்று எதை எடுத்தாலும் காலியான ஒரு பொருளே மனத்தில் எழுகிறது. கூரை ஓட்டைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். “கோட்டைச் சுவரில் வெடிக்காத பீரங்கி ஓடு சிக்கியிருந்தது” என்று படிக்கும் தமிழர், சுட்டு முடித்த தோட்டாவின் வெற்று உறையைத்தான் நினைப்பார். தொடலாம், எடுத்து வீட்டுக்குக் கொண்டுபோகலாம் என்றும் நினைப்பார். உயிருக்கு ஆபத்தான ஒன்றை ஆபத்தற்றதாகக் காட்டும் சொல்லைப் பிழை என்றுகூடச் சொல்லமாட்டேன், கேடு என்பேன். இதைத் தனித்தமிழ் என்று சொல்லி ஆதரிப்போர், ஆங்கிலத்தின் உவமையைத் தமிழ் எழுத்தில் போர்த்திக் கொணர்ந்திருக்கிறார்கள் என்பதை எண்ணிப்பார்ப்பதில்லை. கடன் வாங்குவதென்றால் ‘ஷெல்’ என்றே வாங்கலாம். ஈழத்தில் மக்கள் ‘செல்லடி’ என்று ஒரு சொல்லையே ஆக்கிக்கொண்டார்கள், அதில் எந்த மயக்கமும் இல்லை.

‘ஷெல்’லுக்கு வழங்கும் ‘எறிகணை’, ‘பீரங்கி ஓடு’ என்பதைவிடப் பன்மடங்கு நல்ல சொல். ஈழத்து எழுத்தில் வேரூன்றிய அதை அசைக்க எனக்கு விருப்பமும் இல்லை. ஆனால் கணை என்றால் அம்பு. கூர்முனையும் நீள் உடலும் கொண்டு, புரியிட்ட, அதாவது உட்சுவரில் சுழல் வரிகள் வெட்டிய, குழலிலிருந்து சுழன்று பறக்கும் குண்டுக்கு அது பொருந்துகிறது. புரியற்ற வழவழப்பான குழலுக்குள் உருட்டிவிடப்பட்ட 19ஆம் நூற்றாண்டுக் கோளத்துக்கு எப்படிப் பொருந்தும்? அதே போரில், 1862 ஏப்ரலில், புலாஸ்கி கோட்டையின் செங்கல் மதிலைப் புரியிட்ட பீரங்கிகள் நெடுந்தொலைவிலிருந்து உடைத்தன. உருண்டைக் குண்டுகளை அவ்வளவு தொலைவிலிருந்து எய்து அந்த மதிலை உடைக்க முடியாது என்பதே அதுவரை வல்லுநர் கருத்து. அந்த வேறுபாட்டைச் சொல்லவந்த கட்டுரை இரண்டையும் எறிகணை என்றால் படிப்பவருக்கு என்ன விளங்கும்?

ஆகவே கெட்டிக் குண்டைத் திண்குண்டு என்றும், உட்புழையில் மருந்து பொதியும் குண்டைப் பொதிகுண்டு என்றும் வழங்கலாம் என்பது என் கருத்து. பொதிகுண்டு வினைத்தொகை, பொதிந்த, பொதிகின்ற, பொதியும் என மூன்று காலத்தையும் தனக்குள் வைத்திருப்பதால், மருந்து நிரப்பாமல் கிடங்கில் அடுக்கிவைத்த குண்டுக்கும், நிரப்பி எய்ததற்கும், பின்னர் மருந்து நீக்கிக் காட்சியில் வைத்ததற்கும் அது ஒருசேரப் பொருந்தும். ‘மருந்துக்குண்டு’ என்றும் எண்ணினேன். மருத்துவர் எழுதித் தந்ததுபோல் ஒலிப்பதால் விட்டுவிட்டேன்.

இந்த வேறுபாடு கையில் எடுத்துப் பார்க்கும்போதும் உதவும். கடற்கரைக் கோட்டைகளில் இருந்த 32 பவுண்டுப் பீரங்கிக்கு அந்தப் பெயர் திண்குண்டின் எடையால் வந்தது. குழலின் உள்விட்டம் 6.4 அங்குலம், குண்டின் விட்டம் 6.25 அங்குலம், எடை 15 கிலோவுக்குச் சற்றுக் குறைவு. அதே விட்டமுள்ள பொதிகுண்டு சுமார் 10 கிலோதான் இருக்கும். பொதிகுண்டில் கருந்திரி செருகிய திரித்துளை உண்டு. ஆனால் துரு அதை மூடிவிடக் கூடுமாதலால், துளை தெரியவில்லை என்பதை மட்டும் வைத்துத் திண்குண்டு என்று முடிவுகட்டக் கூடாது. விட்டத்தையும் எடையையும் சேர்த்து அளந்து, இரும்பின் அடர்த்தியோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். கரையிலும் வயலிலும் கிடைக்கும் இரும்பு உருண்டைகளில் பல பீரங்கிக்கு உரியவையே அல்ல; சுரங்க ஆலைகளில் தாதுவை அரைக்கப் போட்ட உருண்டைகளும், குண்டு எறிதல் போட்டிக்குரிய 7.26 கிலோ குண்டுகளும் அவற்றில் அடங்கும். அமெரிக்க அளவுப் பட்டியலில் 12 பவுண்டுக் குண்டு ஏறத்தாழ 5.6 கிலோ, அடுத்தது 18 பவுண்டு, 8 கிலோவுக்கு மேல். விளையாட்டுக் குண்டு இரண்டுக்கும் நடுவே நிற்பதால் எளிதில் பிடிபட்டுவிடும்.

பொதிகுண்டாக இருந்தால் அளவெடுப்பதும் தெரிந்தவர் வேலை. உள்ளே ஈரம் புகாத கருமருந்து நூறாண்டு கடந்தும் வெடிக்கும். கடற்படைப் பொதிகுண்டுகளின் திரிமுனையில் நீர் தடுக்கும் மூடியும் இருந்தது. 2008-இல் வர்ஜீனியாவில் 9 அங்குலக் கடற்படைக் குண்டு ஒன்றைத் துப்புரவு செய்த சேகரிப்பாளர் அது வெடித்து இறந்தார். அந்தச் செய்தியிலும் ஆங்கிலத் தலைப்புகள் ‘பீரங்கிப் பந்து’ என்ற பொருளிலேயே எழுதின; ஆகவே கவனக்குறைவு தமிழருக்கு மட்டும் உரியதன்று. ஆனால் அவர்கள் கவனம் தவறும்போது திருத்திக்கொள்ள அவர்களிடம் இரண்டு சொற்கள் இருக்கின்றன. நம்மவர் இருப்பதையும் கலந்துவிடுகிறார்கள். ஹென்றி ஷ்ராப்னல் வகுத்து, 1803-இல் ஆங்கிலேயப் படை ஏற்ற குண்டு, உள்ளே சிறு குண்டுகளை நிரப்பி வானில் பிளக்கச் செய்தது. அதையும் ‘சிதறல்’ என்கிறார்கள், எந்தக் குண்டின் உடைந்த துண்டையும் ‘சிதறல்’ என்கிறார்கள். முன்னதைச் சிதறுகுண்டு என்று எழுத இரண்டெழுத்துதான் அதிகம் தேவைப்படும்.

காட்சிக்கூடத்துக்கோ நூலுக்கோ படக்குறிப்பு எழுதுவோர், உள்ளே புழை உண்டா இல்லையா என்று உறுதியாகாத வரை வெறும் ‘பீரங்கிக் குண்டு’ என்று எழுதி நிறுத்திக்கொள்ளலாம். ‘வெடிகுண்டு’ என்று ஊகித்து எழுதுவதைவிட அது நேர்மையானது. உறுதியான பிறகு முன்னே திண் என்றோ பொதி என்றோ சேர்ப்பது எளிது.