பிளாஸ்டரோடு தோலும் உரிந்து வராமலிருக்க

மருந்து கட்டிய புண் ஆறியிருக்கும். அதைச் சுற்றி நாலு பக்கமும் சட்டம் போட்டதுபோல் புதிதாகத் தோல் உரிந்து சிவந்திருக்கும். கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் கிளினிக்குக்கு வரும் முதியவர்களிடமும் சீனி வருத்தக்காரரிடமும் இதைக் காணலாம். பிளாஸ்டரைப் பிடுங்கிய விதத்தால் வந்த காயம் அது.

"ஒரேயடியாக இழுத்தால் நோகாது" என்பார்கள். இதை நம்பி இழுத்தால் தோல்தான் போகும். பிளாஸ்டரின் பசை காய்ந்து இறுகுவதில்லை. கெட்டித் தேன்போல எப்போதும் இளக்கமாகவே இருக்கும். மெல்ல இழுத்தால் இழைந்து விட்டுக்கொடுக்கும். வெடுக்கென இழுத்தால் திண்மம்போல் எதிர்த்து நிற்கும். அப்போது தோலின் மேற்படைதான் பிய்ந்து வரும். செங்குத்தாக மேலே தூக்கினாலும் தோல் கூடவே எழும்பிக் கிழியும்.

ஒரு மூலையைக் கிளப்புங்கள். கழன்ற பகுதியைப் பின்னே மடித்து, தோலோடு தாழ்வாக, மயிர் வளரும் திசையில் மெதுவாக இழுங்கள். பசை விடுபடும் இடத்துத் தோலை மறுகை விரலால் அழுத்திப் பிடித்தபடியே தொடர வேண்டும். ஒளி ஊடுருவும் மெல்லிய பிளாஸ்டிக் ஒட்டுக்கு முறை வேறு: அதை உரிக்காமல், தோலுக்குச் சமாந்தரமாக வெளிப்பக்கம் இழுத்து நீட்ட வேண்டும். நீளநீளத் தானே கழரும்.

துணிப் பிளாஸ்டர் அசையாவிட்டால் விளிம்பில் தேங்காயெண்ணெய் தடவிச் சில நிமிடம் விடுங்கள். ரப்பர் பசை ஊறி இளகும். எண்ணெய் புண்ணுக்குள் போகக்கூடாது. பிறகு சவர்க்காரம் போட்டுக் கழுவி ஈரம் ஒற்றி எடுக்காவிட்டால் அடுத்த பிளாஸ்டர் நிற்காது. மண்ணெண்ணெய், பெற்றோல் போட்டுத் துடைக்கவே வேண்டாம். அவை தோலின் கொழுப்பைக் கரைத்துப் புண்ணாக்கும்.

பாதிப் பிழை ஒட்டும்போதே நடக்கிறது. பிடிக்க வேண்டுமென்று பிளாஸ்டரை இழுத்து நீட்டி ஒட்டினால், அது சுருங்கப் பார்க்கும்போது தோலையும் இழுத்து விளிம்பில் கொப்புளம் எழுப்பும். நீட்டாமல் வைத்து, நடுவிலிருந்து வெளிப்பக்கம் தடவி அழுத்துங்கள். விரலை முழுச்சுற்றாகச் சுற்ற வேண்டாம். வீங்கினால் இரத்த ஓட்டம் தடைப்படும். கச்சான் காற்று வீசும் காலத்தில், வயலிலிருந்து வந்த கையோடு வியர்வை மேல் ஒட்டினால் பிடிக்காது, தோலும் ஊறிப்போகும்.

வழக்கமான அக்ரிலிக் பசை நேரம் போகப்போகத் தோலின் நுண்ணிய பள்ளங்களுக்குள் இறங்கிப் பிடியைக் கூட்டும். சிலிக்கோன் பசை மிக மென்மையானது. வைத்தவுடனே பள்ளங்களை நிரப்பிவிடும், பின்னர் பிடி பெரிதாகக் கூடாது. உரிக்கையில் தோற்செதில் குறைவாகவே வருவதால் மறுபடி ஒட்டலாம். விலை கூடியதுதான். எல்லாருக்கும் தேவையில்லை, தோல் மெலிந்த முதியவர், பச்சிளங்குழந்தை, நீண்டகாலம் ஸ்டீரொயிட் மருந்து எடுப்பவர் ஆகியோருக்கு அந்தச் செலவு தகும்.

எரிகாயத் தழும்புக்குத் தரும் சிலிக்கோன் தகடும் இப்படித்தான். முழுதாக ஆறிய தோலில் மட்டும், முதலில் சில மணிநேரம், பிறகு படிப்படியாக நாளுக்கு 12 மணிநேரமோ கூடவோ, குறைந்தது 2–3 மாதம் வைக்க வேண்டும். செம்மண் புழுதி படிந்தால் பிடி போய்விடும். மென்மையான சவர்க்காரமும் தண்ணீரும் போட்டுக் கழுவிக் காற்றில் உலரவிட்டால் திரும்பும். துவாயால் துடைத்தால் நூல்தான் ஒட்டும்.

செயற்கைக் கால் அணிவோரின் சிலிக்கோன் உறையையும் தினமும் இரவில் இப்படியே கழுவுங்கள். உறைக்குள் போகும், வெட்டியபின் எஞ்சிய காற்பகுதியில் புண் வந்தால், அதன்மேல் பிளாஸ்டர் ஒட்டி உறையை மாட்டாதீர்கள்; பிளாஸ்டரின் விளிம்பு ஒவ்வொரு அடிக்கும் அழுத்தி இன்னொரு புண்ணை உண்டாக்கும். உறையைக் கழற்றிவிட்டு, ஊன்றுகோலோடு கிளினிக்குக்குப் போய்க் காட்டுங்கள்.