ஆன்லைன் பாட்டு வகுப்பில் தம்புரா ஏன் காணாமல் போகிறது?

சென்னையில் டீச்சர், கலிபோர்னியாவில் மாணவி, நடுவில் ஒரு வீடியோ அழைப்பு. கர்நாடக சங்கீத வகுப்புகள் இப்படி நடப்பது ஸ்கைப் காலத்திலிருந்தே உண்டு. 2020 ஊரடங்கில் பக்கத்துத் தெரு மாணவர்களும் திரைக்குள் வந்துவிட்டார்கள். இந்த வகுப்புகளில் அடிக்கடி எழும் புகார், "டீச்சர், சுருதி கேக்கலை" என்பது. டீச்சர் வீட்டில் தம்புரா நன்றாகத்தான் ஒலித்துக்கொண்டிருக்கும். அந்தப் பக்கம் சில நொடிகள் கேட்டுவிட்டுத் தேய்ந்து மறைந்துவிடும். உடனே நெட் சரியில்லை என்று ரவுட்டரை அணைத்துப் போடுவார்கள். பாவம், ரவுட்டர் என்ன செய்யும்? மென்பொருள் தன் வேலையை ஒழுங்காகச் செய்ததால் வந்த வினை இது.

அழைப்பு மென்பொருள் பேச்சுக்காகச் செய்யப்பட்டது. பேச்சு ஒரே சீராக வராது. நொடிக்கு நாலைந்து அசைகள், ஒவ்வொன்றிலும் ஒலியளவு ஏறி இறங்கும், நடுநடுவே மௌனம். மின்விசிறியும் ஏசியும் அப்படியல்ல, ஒரே மாதிரி நீண்டுகொண்டே இருக்கும். மென்பொருள் இந்த வித்தியாசத்தைத்தான் பிடித்துக்கொள்கிறது. வரும் ஒலியைச் சில மில்லி செகண்ட் துண்டுகளாக வெட்டி, எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு ஆற்றல் இருக்கிறது என்று பார்க்கிறது. ஓர் அதிர்வெண்ணில் ஆற்றல் மாறாமல் நின்றுகொண்டிருந்தால் அது இரைச்சல் என்று முடிவு கட்டி, அந்த அளவைக் கழித்துவிடுகிறது.

தம்புராவுக்கு நேர்ந்தது இதுதான். பஞ்சமம், சாரணி, அனுசாரணி, மந்தரம் என்று நாலு தந்திகள். ஒன்றின் ஒலி அடங்குவதற்குள் அடுத்தது எழுந்து அதை மூட வேண்டும். இடைவெளி தெரியாமல் மீட்டுவதுதான் நல்ல மீட்டு. மாறாமல் நீள்வதற்கென்றே உருவான வாத்தியம் அது. எவ்வளவு நன்றாக மீட்டுகிறீர்களோ, அவ்வளவுக்கு மென்பொருளின் கணக்கில் அது மின்விசிறி. குரலுக்கும் இதே ஆபத்து உண்டு. மேல் ஷட்ஜத்தை அசையாமல் நேராகப் பிடித்துக் கார்வை கொடுத்தால் அதுவும் மங்கத் தொடங்கலாம். கமகத்தோடு அசைத்துப் பாடினால் தப்பிக்கும், ஏனென்றால் அசைவு இருப்பதால் பேச்சு போலத் தோன்றுகிறது!

இப்போதைய மென்பொருள்களில் பல, செயற்கை நரம்பு வலை கொண்டு இரைச்சலைப் பிரிக்கின்றன. நாய் குரைப்பு, விசைப்பலகைத் தட்டல் போன்ற திடீர் ஒலிகளையும் அவை களையும். பேச்சையும் இரைச்சலையும் காட்டித்தான் அவற்றுக்குப் பயிற்சி கொடுக்கிறார்கள். மிருதங்க அடியை யாரோ மேசையைத் தட்டுவதாக அவை எடுத்துக்கொண்டால் ஆச்சரியமில்லை. வீணையின் மீட்டு தொடங்குவது கேட்கும், வால் அறுந்துவிடும். போதாததற்கு ஒலியளவைத் தானாகச் சரிசெய்யும் வசதி வேறு. மெல்லப் பாடினால் கூட்டும், உரக்கப் பாடினால் குறைக்கும். உணர்ச்சி பாவத்தோடு பாடினதெல்லாம் சமதளமாகிவிடும்.

இதற்கெல்லாம் வழி இருக்கிறது. இரைச்சல் நீக்கத்தை அமைப்பில் அணைக்கலாம். ஜூமில் இசைக்கென்றே தனி அமைப்பு 2020இல் வந்தது. ஆனால் எதிரொலி நீக்கத்தையும் சேர்த்து அணைத்தால், ஸ்பீக்கரிலிருந்து வரும் ஒலி மறுபடி மைக்கில் ஏறிவிடும், அதனால் இருவருக்கும் ஹெட்போன் கட்டாயம். எதிரொலி நீக்கத்தை அணைக்காவிட்டால் இன்னொரு தொல்லை: இருவரும் ஒரே நேரத்தில் பாடினால் ஒருவர் குரலை அது அமுக்கப் பார்க்கும். எல்லாவற்றையும் விட எளிது, அவரவர் வீட்டிலேயே இன்னொரு போனில் ஒரே கட்டையில், அதாவது ஒரே சுருதி உயரத்தில், தம்புரா ஒலியை வைத்துக்கொள்வது. ஐந்து கட்டை என்றால் இரு பக்கமும் ஐந்து கட்டை, அவ்வளவுதான்.

அமைப்பை மாற்றித் தீர்க்க முடியாத ஒன்றும் இருக்கிறது. அது தாமதம்.

கண்ணாடி இழைக்குள் ஒளி நொடிக்குச் சுமார் 2,00,000 கி.மீ. போகிறது. சென்னையிலிருந்து சான் பிரான்சிஸ்கோ ஏறக்குறைய 14,000 கி.மீ. கேபிளை நேர்கோட்டில் போட்டாலும் ஒரு வழிக்கு 70 மில்லி செகண்ட் ஆகும். உண்மையில் கேபிள் கடலுக்கடியில் சுற்றித்தான் போகிறது. ஒலியைச் சிறுசிறு தரவுப் பொட்டலங்களாகக் கட்டவும், வந்த பொட்டலங்களை வரிசைப்படுத்திக் காத்திருக்கவும் இன்னும் கொஞ்ச நேரம். ஒரு வழிக்கே 150, 200 என்று போய்விடும். பேச்சுக்கு இது பொருட்டே இல்லை. லயத்துக்குத்தான் தாங்காது.

அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் இசை ஆய்வாளர் கிறிஸ் சேஃப் குழுவினர், இரண்டு பேரைத் தனித்தனி அறைகளில் உட்கார வைத்து, சேர்ந்து கைதட்டச் சொல்லிப் பார்த்தார்கள். ஒருவர் தட்டுவது மற்றவருக்கு வேண்டுமென்றே தாமதமாகக் கேட்கும். தாமதம் சுமார் 10 மில்லி செகண்டுக்குக் குறைவாக இருந்தபோது வேகம் மெல்லக் கூடியது. 20க்கும் மேல் போகப் போக, ஒருவருக்காக ஒருவர் காத்திருந்து வேகம் குறைந்துகொண்டே வந்தது. காற்றில் 20 மில்லி செகண்ட் என்பது ஒலி ஏழு மீட்டர் கடக்கும் நேரம். கச்சேரி மேடையில் பாடகருக்கும் மிருதங்கக்காரருக்கும் நடுவே அவ்வளவு தூரம் இருக்காது.

இதை ஆரம்பப் பாடமான சரளி வரிசைக்குக் கொண்டு வருவோம். ஒரு நொடிக்கு ஓர் அட்சரம் (தாளத்தின் ஓர் எண்ணிக்கை) என்று ஆதி தாளம் போட்டால், மூன்றாம் காலத்தில், அதாவது மூன்றாவது வேகத்தில், அட்சரத்துக்கு நாலு ஸ்வரம், அதாவது ஒரு ஸ்வரத்துக்கு 250 மில்லி செகண்ட். டீச்சரின் தாளம் மாணவிக்குப் போய், அவள் பாடியது திரும்பி வர 300 முதல் 400 ஆகிவிடும். ஒரு ஸ்வரத்துக்கும் மேல் பிந்தி வருகிறது! மாணவி இழுக்கிறாள் என்று நினைத்து டீச்சர் வேகத்தைக் குறைக்க, அவள் இன்னும் குறைக்க, எங்கே போய் முடியும் என்று தெரிந்ததுதான்.

நெட் தடுமாறும்போது மென்பொருள் சத்தமில்லாமல் இன்னொன்றும் செய்கிறது. பொட்டலங்கள் பிந்தினால் ஒலியைச் சற்று நீட்டுகிறது, குவிந்துவிட்டால் சுருக்கி ஈடுகட்டுகிறது. சுருதி மாறாது, வேகம் மட்டும் மாறும். பேச்சில் யாரும் கவனிக்க மாட்டார்கள். காலப்பிரமாணத்தை, அதாவது பாட்டின் சீரான வேகத்தை, கவனிக்கிற காதுக்கோ மாணவி ஓடுவது போலவும் தயங்குவது போலவும் தோன்றும். அவளைத் திட்டுவதற்கு முன் ஒருமுறை யோசிக்கலாம்.

சேஃப் குழுவின் ஜாக்டிரிப் போன்ற மென்பொருள்கள் ஒலியைச் சுருக்காமல் நேரே அனுப்பித் தாமதத்தை வெகுவாகக் குறைக்கின்றன. நல்ல வயர் இணைப்பு இருந்தால் ஒரே ஊருக்குள் சேர்ந்து வாசிக்கலாம். சென்னை, கலிபோர்னியா என்றால் அந்த 70 மில்லி செகண்ட் அப்படியேதான் இருக்கும்.

நம் வகுப்பு முறை இதற்கு ஓரளவு தோதானது என்பதுதான் அதிர்ஷ்டம். டீச்சர் ஒரு வரி பாட, மாணவி திருப்பிப் பாடுகிறாள். மாறி மாறி நடப்பதால் தாமதம் ஒரு சின்ன இடைவெளியாக மட்டும் தெரியும். சேர்ந்து பாடுவதுதான் முடியாது. வர்ணத்தைத் தாளத்தோடு கேட்க வேண்டுமென்றால், சுருதியும் தாளமும் மாணவி பக்கமே இருக்கட்டும். டீச்சருக்கு எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து, மொத்தமாகச் சற்றுப் பிந்தி வரும். அது பிந்தி வருகிறது என்பதே தெரியாது. அவர் கேட்டபடியே தொடையில் தாளம் போட்டுக்கொள்ளலாம். ஆனால் அந்தக் கை திரையில் தெரியக்கூடாது. தெரிந்தால் மாணவி அதைப் பார்த்து இழுக்க ஆரம்பித்துவிடுவாள். கேமராவைக் கொஞ்சம் மேலே தூக்கி வைத்துக்கொண்டால் சரி.